கொடைக்கானல் மலையில் நில விலை ஆண்டுதோறும் எப்படி நகர்கிறது? வாங்க நினைப்பவரின் கேள்வி

வைகைக்கரை (கேள்வி, 2025 ஜூன்)

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். அடுத்த ஆண்டு மே மாதம் ஓய்வு பெறுகிறேன். ஓய்வுக்குப் பிறகு ஆண்டில் பாதி நாளையாவது கொடைக்கானல் மலையில் கழிக்க வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் நெடுநாள் விருப்பம். விடுதி நடத்தும் எண்ணமோ வாங்கி விற்கும் எண்ணமோ எங்களுக்கு இல்லை. இரண்டு அறையுள்ள ஒரு சிறிய வீடும், நாலைந்து பேரி மரங்களும், கொஞ்சம் காய்கறிப் பாத்தியும் இருந்தால் போதும். அதற்காகப் பத்து முதல் பதினைந்து சென்ட் வரை நிலம் தேடி, 2022 முதல் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மலையேறி வருகிறோம். வில்பட்டி, அட்டுவம்பட்டி, பெருமாள்மலை, பண்ணைக்காடு ஆகிய பக்கங்களில் நிலங்களைப் பார்த்திருக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் தரகர்கள் சொல்லும் சென்ட் விலை முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. ஆனால் 2022இல் நாங்கள் முதன்முதலில் பார்த்த நிலத்தை இந்த மே மாதமும் போய்ப் பார்த்தோம். கருங்கல் அடுக்கிய மூன்று படித்தளங்கள், கீழ்த்தளத்தின் ஓரத்தில் ஒரு கிளை முறிந்த பழைய பேரி மரம், அதில் கட்டியிருந்த நீல நிற நைலான் கயிறு ஆகிய எல்லாம் அப்படியே இருக்கின்றன. விலை மட்டும் மூன்று முறை ஏறியிருக்கிறது. விலை ஏறுகிறதென்றால் வாங்குவதற்கு ஆள் இருக்க வேண்டும். ஆள் இருந்தால் அந்த நிலம் மூன்று ஆண்டுகளாக ஏன் விற்காமல் கிடக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

வெளியூர் வண்டிகள் மலையேற இணையத்தில் அனுமதி பெறும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்த பிறகு விலை இறங்கத்தான் செய்யும் என்று ஒரு தரகர் கூறினார். அதே நாளில் இன்னொருவர், பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் குறைந்தபட்ச நில மதிப்பான வழிகாட்டு மதிப்பை அரசே பாதிக்குப் பாதி உயர்த்திவிட்டதால் இனி இறங்குவதற்கு வாய்ப்பே இல்லை என்றார். உண்மையில் இந்த மலையில் நிலச் சந்தை ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்ந்திருக்கிறது, அதை எங்களைப் போன்றவர்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்வது, இப்போது வாங்குவதா, காத்திருப்பதா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். ஓய்வூதியப் பலன்களில் பெரும்பகுதியை இதில் போடப் போகிறோம் என்பதால்தான் இவ்வளவு தயங்குகிறேன்.

---

பெருமாள்மலை வாசி (பதில்)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் இருபத்தாறு ஆண்டுகளாக இந்த மலையில் காப்பியும் வெண்ணெய்ப்பழமும் பயிரிட்டு வருகிறேன். தரகு என் தொழில் அன்று. ஆனால் அக்கம்பக்கத்தார் நிலம் விற்கும்போதும் வாங்கும்போதும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன்.

நீங்கள் பார்த்த பேரி மர நிலத்திலிருந்தே தொடங்குகிறேன். தரகர் உங்களிடம் சொன்னது கேட்கும் விலை. அது படிந்த விலை அன்று. சமவெளியில் இந்த இரண்டுக்கும் இடையில் சிறிய தூரம்தான் இருக்கும். இங்கே அது மிகப் பெரிது. இந்த மலையில் விற்பனைக்குச் சொல்லப்படும் நிலங்களில் பலவற்றின் உரிமையாளர்கள் மதுரையிலோ சென்னையிலோ கேரளத்திலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு நிலத்தை விற்றாக வேண்டிய அவசரம் இல்லை. ஆண்டுதோறும் கோடையில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, வங்கியில் போட்டிருந்தால் இவ்வளவு வட்டி வந்திருக்கும் என்று மனத்தில் கூட்டிக்கொண்டு, தரகரிடம் புதிய விலையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வாங்குபவர் ஒருவர்கூட வராமலேயே விலை 'ஏறுவது' இப்படித்தான். உண்மையான சந்தை, பணம் தேவைப்பட்டு விற்பவரிடம்தான் இருக்கிறது. பூண்டு விலை விழுந்த ஆண்டில் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலும், காப்பி காய்ப்புக் குறைந்த ஆண்டில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்திலும், மகள் கல்யாணத்துக்காகவும் மருத்துவச் செலவுக்காகவும் அரை ஏக்கர் விற்க வருபவர்கள் உண்டு. அந்த விலை தரகர்களின் பேச்சில் வெளியே வருவதில்லை. பெரும்பாலும் பக்கத்துத் தோட்டக்காரரே வாங்கிவிடுவார்.

ஆண்டுவாரியாகக் கேட்டீர்கள். என் நினைவில் இந்த மலையின் நிலச் சந்தையை அசைத்தவை எல்லாம் கீழேயிருந்து வந்தவை. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த உத்தரவுகள். 2012 ஏப்ரலில் வழிகாட்டு மதிப்பு மாநிலம் முழுவதும் பெரிதாக உயர்த்தப்பட்டது. 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம் வந்தது. கையில் முன்பணம் வாங்கியிருந்தவர்கள் பலர் அந்தக் குளிர்காலத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், பத்திரம் முடிக்கவும் முடியாமல் தவித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2017இல், அங்கீகாரம் இல்லாத மனைகளைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தபோது சமவெளி மனைகள் மெல்லத் தெளிந்தன; மலையிடப் பகுதிகளுக்கான தனி விதிகள் 2020இல்தான் வந்தன. அந்த இடைவெளியில் இங்கே நிலம் விற்க முடியாமல் போனதை விலை வீழ்ச்சி என்று சொல்வது சரியாகாது. விலை அப்படியேதான் இருந்தது, கைமாற்றம்தான் நின்றுபோனது. மலைச் சந்தை சரியும்போது பெரும்பாலும் இப்படித்தான் சரியும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மலையைக் கடந்து போனது. என் தோட்டத்தில் மட்டும் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் நாற்பதுக்கு மேல் சாய்ந்தன. சாலைகள் அடைபட்டு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அடுத்த ஆண்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளைத் தொடர்ந்து விதிமீறிய கட்டடங்களுக்கு நகராட்சி சீல் வைத்தது. இவை இரண்டும் சேர்ந்து, விடுதி கட்டுவதற்காக இடம் தேடி வந்தவர்களைச் சில காலம் கீழேயே நிறுத்திவைத்தன. பின்னர் கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்தே கணினி வேலை செய்யும் இளைஞர்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நான் பார்த்த அளவுக்குப் புதிய முகங்களை அதற்கு முன்பு பார்த்ததில்லை. நீங்கள் தேடத் தொடங்கியதே அந்த உச்சத்தில்தான். எனவே உங்கள் காதில் முதலில் விழுந்த விலையே உயர்ந்த விலை என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வழிகாட்டு மதிப்பு பாதிக்குப் பாதி ஏறிவிட்டது என்று ஒரு தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 2016இல் ஒரு நிலத்தின் வழிகாட்டு மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்று முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 1 விழுக்காடுமாக 80,000 ரூபாய் செலவு. 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டு மதிப்பை 33 விழுக்காடு குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காடாக உயர்த்தினார்கள். அதே நிலத்தின் மதிப்பு 6 லட்சத்து 70 ஆயிரம் ஆனது. அதில் 11 விழுக்காடு 73,700 ரூபாய். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்ப் பதிவுக் கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தார்கள். ஆகவே 10 லட்சத்துக்கு 9 விழுக்காடு, 90,000 ரூபாய். 6 லட்சத்து 70 ஆயிரத்திலிருந்து 10 லட்சத்துக்குப் போனதைப் பார்த்தால் பாதிக்குப் பாதி ஏற்றம்தான். ஆனால் அது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பியதே தவிர, யாரும் அந்த நிலத்துக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுத்ததற்குச் சான்று ஆகாது. 2024 ஜூலையில் மீண்டும் ஒரு திருத்தம் வந்தது. வழிகாட்டு மதிப்பு உங்கள் பதிவுச் செலவைச் சொல்லும். நிலத்தின் போக்கைச் சொல்லாது.

இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இந்த மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை ஆராயும் பணி, நீதிமன்ற உத்தரவின்பேரில் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஆய்வின் முடிவு எப்படி இருந்தாலும், அறை வாடகையை நம்பி நிலம் வாங்குபவரின் கணக்கைத்தான் அது முதலில் தொடும். குடியிருக்க வருகிற உங்களுக்குக் கூட்டம் குறைவதில் நட்டம் எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. மே மாதத்தில் விலை கேட்காதீர்கள். அப்போது இந்த ஊரில் ஒரு தட்டு இட்லியின் விலையும் கூடத்தான் இருக்கும். வடகிழக்கு மழை பிடித்துக்கொண்ட நவம்பரில் வாருங்கள். தரகருக்கும் நேரம் இருக்கும். நிலமும் தன் உண்மையான முகத்தைக் காட்டும்.

---

தேனி மருமகள் (பதில்)

மேலே அண்ணன் எழுதியதை என் அனுபவத்தால் உறுதிப்படுத்த வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். எங்களுக்கு நேர்ந்தது ஆசிரியர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நேரக்கூடாது.

நானும் என் கணவரும் 2018 பிப்ரவரியில் பெருமாள்மலைக்குக் கீழே பத்து சென்ட் வாங்கினோம். தரகரின் பெயரையோ விற்றவரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. சாலையிலிருந்து நிலத்துக்கு ஜீப் போகும் அளவுக்கு மண்பாதை இருந்தது. பத்திரத்தின் சொத்து விவரத்திலும் 'பொதுப் பாதையில் நடக்க, வண்டி ஓட்ட உரிமை உண்டு' என்று எழுதியிருந்தார்கள். பாதை கண்ணுக்குத் தெரிகிறது, பத்திரத்திலும் இருக்கிறது என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டோம். கஜா புயலில் பக்கத்துத் தோட்டத்தின் வேலி சாய்ந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தத் தோட்டக்காரர் புதுவேலி போட்டபோது, அந்த வேலி எங்கள் பாதையின் நடுவில் வந்து நின்றது. நில அளவைப் புலப்படத்தை அப்போதுதான் முதன்முறையாக எடுத்துப் பார்த்தோம். அதில் அப்படி ஒரு பாதையே இல்லை. பாதை முழுவதும் அவருடைய பட்டா நிலம். அவர் இத்தனை ஆண்டுகள் பெருந்தன்மையால் விட்டிருந்தார். தமக்கு இல்லாத உரிமையை எங்களுக்கு விற்றவர் எப்படி எழுதிக் கொடுக்க முடியும் என்று அவர் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

விலையைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பகுதியில் சென்ட் விலை நாங்கள் வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று 2021இல் எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. 2022இல் விற்றுவிடலாம் என்று சொல்லிவைத்தோம். மூன்று பேர் வந்தார்கள். மூவரும் நிலத்தைப் பிடித்திருக்கிறது என்றார்கள், மூவரும் புலப்படத்தைக் கேட்டார்கள், அதோடு போனார்கள். இரண்டு மடங்கு விலை என்பது எங்கள் நிலத்துக்கு எப்போதும் பொருந்தியதே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். முடிவில் பக்கத்துத் தோட்டக்காரரிடமே பன்னிரண்டு அடி அகலப் பாதைக்கு விலை கொடுத்து, முறையாக உட்பிரிவு செய்து, தனிப் பத்திரமாகப் பதிவு செய்தோம். அவர் நியாயமான மனிதர். எங்கள் நிலைமையைப் பயன்படுத்திக்கொண்டு கூடுதலாகக் கேட்கவில்லை. இன்று அந்த நிலம் எங்களிடம்தான் இருக்கிறது. ஐந்து பிளம் மரங்கள் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்திருக்கிறார்கள். உங்கள் நிலம் அந்த வரம்புக்குள் வருமானால் அவர் பெயரிலேயே வாங்கலாம்.

---

ஓய்வுபெற்ற நில அளவர் (பதில்)

முப்பத்தொரு ஆண்டுகள் சங்கிலியும் தியோடலைட்டும் தூக்கிக்கொண்டு மலைச்சரிவுகளில் நடந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சகோதரி சொன்ன பாதைச் சிக்கலைப் போல நூற்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். கேள்வியின் மையம் ஆண்டுதோறும் சந்தை எப்படி நகர்கிறது என்பதால், அதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து கண்டறியும் வழியை முதலில் சொல்கிறேன்.

பதிவுத்துறை இணையதளத்தில், கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் கொடுத்து அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலான வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். எல்லோரும் தாம் வாங்கப்போகும் நிலத்துக்கு மட்டுமே வில்லங்கம் போட்டு, கடன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் அதைச் சுற்றியுள்ள ஏழெட்டுப் புல எண்களுக்கும் 2010 முதல் இன்றுவரை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு தொகைகள் இருக்கும். பத்திரத்தில் காட்டப்பட்ட தொகையை அப்படியே நம்ப வேண்டாம். வழிகாட்டு மதிப்பை ஒட்டித் தொகையைக் காட்டும் பழக்கம் எல்லா இடத்திலும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். என்னைக் கேட்டால், தொகையைவிட எண்ணிக்கையைப் பாருங்கள் என்பேன். எந்த ஆண்டில் எத்தனை கிரயங்கள் பதிவாயின, ஒரே உட்பிரிவு எத்தனை ஆண்டு இடைவெளியில் கைமாறியது, கிரயங்களுக்கு நடுவே, உரிமையாளர் சார்பில் செயல்படப் பிறருக்கு அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரங்கள் எத்தனை, ஒப்பந்தம் பதிவாகிப் பின் ரத்தானவை எத்தனை என்று ஒரு தாளில் ஆண்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் பொது அதிகாரங்கள் பெருகி, கிரயங்கள் குறைந்திருந்தால், நிலம் குடியிருப்பவர் கைக்குப் போகாமல் இடைத்தரகர்களுக்குள்ளேயே சுற்றுகிறது என்று பொருள் கொள்ளலாம். அந்த ஆண்டில் ஊரில் சொல்லப்பட்ட விலை எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது காற்றில் நிற்கும் விலை. ரத்துகள் கூடியிருந்தால், வாங்க வந்தவர்கள் ஏதோ ஒன்றைப் பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மலையில் நிலத்தின் விலை என்பது மண்ணின் விலை அன்று. வீடு கட்டும் அனுமதி, பாதை, தண்ணீர் ஆகிய மூன்றின் விலையும் சேர்ந்ததுதான் அது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பக்கத்து நிலத்தின் விலையோடு அதை ஒப்பிடக் கூடாது. எனவேதான் 'வில்பட்டியில் சென்ட் இவ்வளவு' என்ற பேச்சே பொருளற்றது என்று நான் எப்போதும் சொல்லி வருகிறேன். ஒரே புல எண்ணில், ஓடைக்கு இந்தப் பக்கம் உள்ள உட்பிரிவும் அந்தப் பக்கம் உள்ள உட்பிரிவும் விலையில் ஒன்றுக்கு மூன்றாக வேறுபடலாம். அதற்குக் காரணமும் இருக்கும்.

அனுமதியைப் பற்றி. 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. பேச்சில் 'ஹாகா' என்பார்கள். கொடைக்கானல் வட்டத்துக் கிராமங்கள் அதன் வரம்பில் வருகின்றன. வேளாண் நிலத்தை மனையாக மாற்றுவதற்கு வருவாய், வேளாண்மை, வனம், சுரங்கம் ஆகிய துறைகளின் கருத்துகள் தேவைப்படும். நகராட்சி எல்லைக்குள் என்றால், 1993இல் நடைமுறைக்கு வந்த முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண் எந்த வகைப் பயன்பாட்டில் காட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி குழுவின் அனுமதி வேண்டும். உங்கள் சொந்த நிலத்தில் நீங்களே நட்ட மரமாக இருந்தாலும் முதலில் கேட்டுவிட்டுத்தான் கோடரியை எடுக்க வேண்டும். பொக்லைன் இறக்குவதற்கும் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே 'தண்ணீர் வேண்டுமென்றால் போர் போட்டுக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

சரிவைப் பற்றி இன்னும் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு, நிலம் பார்க்க வருகிறவர்கள் சரிவைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மண்ணை வெட்டிச் சமப்படுத்திய இடத்தைவிட, பழைய கல்லடுக்குப் படித்தளம் எவ்வளவோ மேல். நீங்கள் சொன்ன பேரி மர நிலத்தில் கல்லடுக்கு இருக்கிறது என்பது நல்ல அறிகுறி. அதில் நடுவில் எங்கேனும் கல் வயிறு தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்னாலுள்ள மண் நீர் குடித்துத் தள்ளுகிறது. மரங்கள் அடியில் வளைந்து பின் நிமிர்ந்து நின்றால், அந்தச் சரிவு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் போய்ப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

---

வைகைக்கரை (தொடர்ச்சி, இரண்டு வாரம் கழித்து)

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. என் மனைவி இந்தப் பதில்களை அச்செடுத்து, அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

நில அளவர் ஐயா சொன்னபடி, பேரி மர நிலத்துக்கும் சுற்றியுள்ள ஆறு புல எண்களுக்கும் வில்லங்க விவரம் எடுத்து ஆண்டுவாரியாகக் குறித்தோம். 2010 முதல் மொத்தம் முப்பத்தொன்று பதிவுகள். அவற்றுள் கிரயம் பதினான்கு. அந்தப் பதினான்கில் ஒன்பது 2016க்கு முன்பு நடந்தவை. 2017 முதல் 2020 வரை ஒரே ஒரு கிரயம். 2021, 2022இல் மூன்று. அதன் பிறகு இன்றுவரை ஒன்றே ஒன்று. பொது அதிகாரப் பத்திரங்கள் ஆறில் நான்கு 2021க்குப் பின் வந்தவை. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது என்று எங்களிடம் சொல்லப்பட்ட இடத்தில், கடந்த இரண்டரை ஆண்டுகளில் ஒருவர்தான் நிலம் வாங்கியிருக்கிறார் என்பதைத் தாளில் பார்த்தபோது இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. முதலாவது, நாங்கள் விரும்பும் அந்த உட்பிரிவிலேயே 2021இல் ஒரு கிரய ஒப்பந்தம் பதிவாகி, 2022 தொடக்கத்தில் ரத்தாகியிருக்கிறது. நாங்கள் அதை முதன்முதலில் பார்த்தது அந்த ஆண்டு மே மாதத்தில். இதைத் தரகர் எங்களிடம் ஒருபோதும் சொல்லவில்லை. இதற்கு அஞ்ச வேண்டுமா? இரண்டாவது, உரிமையாளரிடம் என்ன விலை சொல்லிப் பேச்சைத் தொடங்குவது?

---

பெருமாள்மலை வாசி (பதில்)

இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கேட்கும் விலையிலிருந்து இத்தனை விழுக்காடு குறைத்துக் கேளுங்கள் என்று சொல்வது சரியாக இருக்காது, ஏனெனில் கேட்கும் விலையே அடித்தளம் இல்லாதது. உங்கள் தாளில் உள்ள கடைசிக் கிரயத்தை, அந்த ஒருவர் வாங்கினாரே அதை, பிடித்துக்கொள்ளுங்கள். அவர் யாரென்று கிராமத்தில் விசாரித்து நேரில் போய்ப் பாருங்கள். உண்மையில் என்ன கொடுத்தார் என்று, மரியாதையாகக் கேட்டால், இந்த மலையில் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் குடிவரப் போகிறவர் என்பதே போதுமான அறிமுகம். அவர் நிலத்தில் உள்ள பாதை, தண்ணீர், அனுமதி ஆகியவற்றை உங்கள் நிலத்தோடு ஒப்பிட்டு, எது குறைகிறதோ அதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு ஒரே விலையாகச் சொல்லுங்கள். உரிமையாளர் மறுத்தால் மறுக்கட்டும். மூன்று ஆண்டுகள் விற்காத நிலம் நான்காம் ஆண்டும் அங்கேதான் இருக்கும்.

இன்னொரு யோசனையும் உண்டு. ஓய்வு பெற்றதும் உடனே வாங்காமல், அட்டுவம்பட்டியிலோ வில்பட்டியிலோ ஒரு சிறிய வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். ஜனவரிப் பனி ஏழு மணி வரை புல்லில் உறைந்து கிடப்பதும், மருந்துக் கடைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருப்பதும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

---

ஓய்வுபெற்ற நில அளவர் (பதில்)

ரத்தான ஒப்பந்தத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஆனால் அதைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம். வில்லங்க விவரத்தில் அந்த ரத்துப் பத்திரத்தின் ஆவண எண்ணும் ஆண்டும் இருக்கும். அவற்றைக் குறிப்பிட்டு நகலுக்கு விண்ணப்பியுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தின் நகலையும் சேர்த்தே வாங்குங்கள். ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் தொகை, ஒருவர் 2021இல் அந்த நிலத்துக்குக் கொடுக்க முன்வந்த தொகை. பேச்சைத் தொடங்குவதற்கு உங்களுக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ரத்துப் பத்திரத்தில் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டதா என்று பாருங்கள். முழுவதும் திருப்பித் தரப்பட்டிருந்தால், குறை பெரும்பாலும் நிலத்தின் பக்கம் இருந்திருக்கும்: அனுமதி கிடைக்காமல் போயிருக்கலாம், பாதை புலப்படத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம். முன்பணத்தை விற்பவர் பிடித்துக்கொண்டிருந்தால், வாங்க வந்தவரால் மீதிப் பணத்தைத் திரட்ட முடியவில்லை என்று எண்ணலாம். அப்போது நிலத்தின் மீது குறை சொல்ல முடியாது. இது என் அனுபவக் கணிப்புதான்; வழக்கறிஞர் ஒருவரிடம் இரண்டு நகல்களையும் காட்டிவிடுங்கள்.

நவம்பரில் நீங்கள் வரும்போது எனக்கு இங்கே தகவல் கொடுங்கள். புலப்படத்தையும் ஒரு நீள அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன். அந்தப் பேரி மரம் எல்லைக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதை முதலில் அளந்துவிடுவோம்.